சிலிகோன் மேனியும் மாந்தர் யாக்கையும்

திருப்பெரும்பூதூர் என்ற அளவில் சமய நூல் பயின்றார்க்கு இராமாநுசர் நினைவு தோன்றும். பெருவழியிற் செல்வார்க்கோ மோட்டார்த் தொழிற்சாலைகளே தோன்றும். அவ்வூரினின்று தெற்கே ஒரகடம் வரையிற் பரந்த நிலத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் நாடோறும் உருவாகி வெளிவருகின்றன. அவ்வொரகடத்திலேயே வைத்தியக் கருவிகள் செய்வதற்கெனத் தனித் தொழிற்பூங்கா ஒன்றை அமைக்க 2021-ஆம் ஆண்டில் நடுவணரசு இசைவளித்தது. சிப்காட் நிறுவனத்தின் பொறுப்பில் 350 ஏக்கர்ப் பரப்பில் வகுக்கப்பெற்ற திட்டம் அது. இந்தியா முழுவதிலும் இவ்வாறு தெரிந்தெடுக்கப்பெற்ற மாநிலங்கள் நான்கே. காரின் உறுப்புக் காருக்குள் சென்று பொருந்துவது. வைத்தியக் கருவிகளிற் சிலவோ மனிதனுக்குள் சென்று பொருந்துவன. இரும்பு தன்னோடு இணைத்த இரும்பை 'நீ யார்?' என்று வினவாது, உடல் வினவும். அவ்வினாவிற்குச் சிலிகோன் என்னும் பொருள் எங்ஙனம் விடையிறுக்கின்றது என்பதனை இங்கு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

மேனி என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் நிறம் என்றும் வடிவு என்றும் பொருள் கூறுவர். யாம் அதனை ஒரு பொருளின் புறப்பரப்பு என்னும் கருத்தில் இக்கட்டுரையில் ஆள்கின்றோம். பொருள் ஒன்றேயாயினும் மேனி வேறாயின் உடல் அதனை ஏற்கும் முறையும் வேறாகின்றது. வியப்பிற்குரியது இதுவே.

சிலிக்கன் வேறு, சிலிகோன் வேறு. மணலின் மூலகங்களுள் ஒன்று சிலிக்கன். அதனையும் பிராணவாயுவையும் ஒன்றுவிட்டொன்றாகக் கோத்த நெடுஞ்சங்கிலியில், கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கிளைகள் தொங்கினாற் பிறப்பது சிலிகோன். அது நீரை ஒட்டவொட்டாது, ரப்பர்போல் வளையும், உடற்சூட்டிற் கெடாது. மூளையில் நீர் தேங்கிய தம் குழந்தையின் பொருட்டு, அமெரிக்காவிற் பூட்டுச் செய்யும் தொழிற்சாலையிற் பணிபுரிந்த ஜான் ஹோல்ட்டர் என்னும் கைத்தொழிலாளர் 1956-ஆம் ஆண்டளவில் இப்பொருளைக்கொண்டே ஒரு சிறு வால்வை இயற்றினார். சிலிகோன் மருத்துவத்துட் புகுந்த வாயில்களுள் அதுவும் ஒன்று. தொழிற்சாலைகள் நிறைந்த ஊரார் இதனை அறிந்து மகிழ்வர் என்றே இங்குக் குறித்தோம்.

இனி உடலின் செயலைக் காண்போம். அயற்பொருள் உட்புகுந்த சில நொடிகளிற் குருதியிலுள்ள புரதங்கள் அதன்மேற் படிகின்றன. வெள்ளணுக்கள் விரைந்து வருகின்றன. அடுத்துப் பெருவிழுங்கணுக்கள் அதனை உண்ண முயல்கின்றன; உண்ணற்கியலாதாயிற் பல ஒன்றுகூடி ஒரே பேரணுவாகி அதன்மேல் அமர்கின்றன. ஈற்றில் நாரணுக்கள் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளை நெய்து, சில வாரங்களில் அயற்பொருளைச் சுற்றி ஓர் உறையை அமைத்துவிடுகின்றன. இலக்கண நூலார்க்குத் தன்மை, முன்னிலை, படர்க்கை என இடம் மூன்று. உடல் அறிந்த இடமோ தான், பிறிது என்னும் இரண்டே. கரைக்கவும் இயலாது, வெளித்தள்ளவும் இயலாது என்று கண்ட பிறிதை அது சுவரெழுப்பி ஒதுக்குகின்றது. கொற்கைக் கடலில் முத்துப் பிறந்ததும் ஏறக்குறைய இம்முறையாலேயே. ஆயின் சிப்பியின் சுவரை நாம் அணிகலன் என்கின்றோம். நம் உடலின் சுவர் தழும்பேயாகும்.

சுவர் மெல்லியதாய் அமைந்துவிடின் யாதொரு தொல்லையும் இல்லை. அது தடித்துச் சுருங்குங்காலே துன்பம் விளைகின்றது. இதனை மிகுதியாக அனுபவித்தவர் மகளிர். புற்றுநோயால் மார்பகம் களையப்பெற்றார்க்கும், வடிவு வேண்டினார்க்கும் சிலிகோன் பைகளைப் பொருத்தும் முறை 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தொடங்கியது. தொடக்கத்தில் அப்பைகளின் மேனி வழவழப்பாக இருந்தது. வழவழப்பான மேனிமேல் நார்கள் ஒரே போக்கிற் படுத்து அடுக்காகின்றன. சுருங்குங்கால் யாவும் ஒருங்கே இழுக்கின்றன. பை இறுகி வலியெடுக்கும், வடிவும் கெடும். மேனியைச் சொரசொரப்பாக்கின் நார்கள் பல திசையாகச் சிதறும், இழுப்பும் குறையும் எனக் கருதினர். உறையாத சிலிகோன்மேல் உப்புப் பரலை அழுத்தி, உறைந்தபின் உப்பைக் கழுவி நீக்கிக் குழிகளை உண்டாக்கினர். நம் வீட்டு அடுக்களைப் பொருள் இத்துணை நுட்பமான கருவிக்குப் பயன்பட்டது! பல ஆய்வுகளிற் சுருக்கமும் குறையவே கண்டனர்.

ஆயின் கேடு வேறு வழியால் வந்தது. இத்தகைய பையைச் சூழ்ந்த உறையில் நிணநீரணுக்களைப் பற்றிய அரிய புற்றுநோயொன்று தோன்றிய செய்தி 1997-இல் வெளியாயிற்று. 2019-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உலகெங்கும் 573 பேர்க்கு அந்நோய் கண்டதென்றும், 33 பேர் இறந்தனர் என்றும் அமெரிக்க உணவு மருந்துத் துறையினர் அறிவித்தனர். 573-இல் 481 அல்லர்கன் நிறுவனத்தின் பைகளைச் சார்ந்தன. உப்பு முறையாற் செய்த பயோசெல் என்னும் மேனியுடைய பைகளை அந்நிறுவனம் உலகச் சந்தையினின்றும் மீட்டுக்கொண்டது. அறிகுறி ஏதும் இல்லாதார் தம் பையை அகற்றிக்கொள்ள வேண்டுவதில்லை என்றும் அத்துறையினர் கூறினர். பெருங்குழிகளில் நுண்கிருமி தங்குவதாலோ, ஓயாத அழற்சியாலோ இந்நோய் எழுகின்றது என்பதில் ஆய்வாளர் ஒருமுடிவுக்கு வந்திலர்.

அங்ஙனமாயின் எம்மேனி நன்று? 2021-இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று, முற்றும் வழவழப்பானது முதல் 90 மைக்ரோமீட்டர்ச் சொரசொரப்புடையது வரையிற் பல மேனிகளை எலியிலும் முயலிலும் வைத்துப் பார்த்தது. மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சராசரியாக 4 மைக்ரோமீட்டர்ச் சொரசொரப்புள்ள மேனியே மிகக் குறைந்த அழற்சியை விளைத்தது. வகைப்பாட்டு விதிகளின்படி 10 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தன யாவும் வழவழப்பானவை என்றே பெயர் பெறும். கையால் தடவினால் அறியலாகாத வேறுபாட்டை உடல் அறிகின்றது.

இதனைக்கொண்டு 4 என்னும் எண்ணையே யாண்டும் விதியாகக் கொள்ளற்க. நம் மதுரையைப் பாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தோன்றிய அரோலேப், கண்ணழுத்த நோயாகிய கிளாக்கோமாவிற்கு ஒரு சிலிகோன் கருவியைச் செய்கின்றது. 350 சதுர மில்லிமீட்டர்ப் பரப்புள்ள சிறு தகடும், அதனோடு இணைந்த நுண்குழலுமே அக்கருவி. தகட்டைக் கண்ணின் வெண்படலத்தின்மேல் தைத்துக் குழலைக் கண்ணுக்குள் செலுத்துவர். உள்ளே மிகுந்த நீர் குழல்வழித் தகட்டை அடைந்து மெல்லக் கசிந்து போகும். இதில் வால்வு இல்லை. நீர் ஒருங்கே வழிந்தோடாமல் தடுப்பது எது? தகட்டைச் சுற்றி உடல் எழுப்பும் அச்சுவரேதான்! அது எழும்வரை, தானே கரையும் நூலாற் குழலைக் கட்டிவைக்கின்றனர். ஐந்தாறு வாரங்களில் நூல் கரைந்து குழல் திறக்கும். அதற்குள் சுவர் ஆயத்தமாயிருக்கும். மார்பகத்திற் பகையாயிருந்த தழும்பு கண்ணில் ஏவல் புரிகின்றது. ஆனால் அங்கும் அளவு கடந்து தடித்தால் நீர் கசியாது. அழுத்தம் மீண்டும் ஏறும். கிளாக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. ஆதலின் இத்தகைய தகடுகளின் மேனி பற்றியும் ஆய்வு நிகழ்ந்துள்ளது. கண்ணின் நாரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, அவை சொரசொரப்பான தகட்டிற் பெருகவும், மிக வழவழப்பான தகட்டிற் குறையவும் ஒட்டின. மார்பகத்தில் வழவழப்பைக் குறைகூறிய நாம் கண்ணில் அதனையே விரும்ப வேண்டியவராகின்றோம்.

ஒரகடத்தார்க்கு இது புதிய பாடமன்று. எஞ்சின் உருளையின் உட்சுவரைக் கண்ணாடிபோல் வழவழப்பாக விடுவதில்லை. எண்ணெய் தங்குமாறு குறுக்கும் நெடுக்குமாய் நுண்கோடுகளை இழைப்பர். அக்கோடுகளையும் மைக்ரோமீட்டராலேயே அளப்பர். சிலிகோனோ தன்னை வார்த்த அச்சின் மேனியை உள்ளவாறே ஏற்பது. அச்சில் ஒரு கீறல் விழின் அதில் வார்த்த பொருள் யாவற்றிலும் அக்கீறல் இருக்கும். எஞ்சினின் குறை சோதனைக் கூடத்தில் அன்றே புலப்படலாம். உடலின் விடையோ வாரங்கள் கழித்தும் வரும், ஆண்டுகள் பல கழித்தும் வரும். அப்பொழுது இன்ன பொருள், இன்ன அச்சு, இன்னாருடைய உடல் என்று காட்டும் ஏடு கையில் இருத்தல் வேண்டும். மேலே கூறிய 33 பேருள், உடலிலிருந்த பையைச் செய்தவர் இன்னார் என்று தெரிந்தது 13 பேர்க்கே.