எலி பிடித்த பெண் படை, முட்டை மிதக்கும் விதைப்பாடம்... தெரியுமா?

நாவலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஓ.எம்.ஆர்., ஐ.டி. கம்பெனிகள், டிராஃபிக்! ஆனால் அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். வயலுக்குத் தோள் கொடுத்த பெண்கள் அணிகளின் கதை அங்கே தொடங்கி, பிரிட்டன், டென்மார்க் வரை நீள்கிறது!

வளைக்குள் ஒரு நெற்களஞ்சியம்... தெரியுமா?
வயல் எலி தின்பதோடு விடாது. கதிரை அறுத்து இழுத்துப்போய் வளைக்குள் பதுக்கியும் வைக்கும்! இங்குள்ள இருளர் பழங்குடி ஆண்களும் பெண்களும் தடம் பார்த்தே வளையைக் கண்டுபிடிப்பார்கள். மற்ற வாய்களை அடைத்துவிட்டு, மண்பானையில் வைக்கோல் புகை போட்டு உள்ளே ஊதுவார்கள். எலி சிக்கும், பதுக்கிய நெல்லும் வெளியே வரும்! ஒரு சொட்டு விஷம்கூடத் தேவையில்லை. அந்த நெல், பிடித்தவருக்கே!

தண்டரையில் பெண்களே நடத்தும் சங்கம்... தெரியுமா?
1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் வியாபாரம் முடிவுக்கு வர, பாம்பு பிடித்து வாழ்ந்த இருளர்களின் பிழைப்பும் ஆடிப்போனது. 1978-ல் மாமல்லபுரம் சாலையில், வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. விஷமுறிவு மருந்துக்காக விஷத்தை எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டார்கள். எலியைத் தின்னும் பாம்பு பிழைத்தால் விவசாயிக்கும் லாபம்தானே! 1986-ல் இருளர் பெண்களுக்கென்றே தண்டரையில் தனிச் சங்கம் வந்தது. மூலிகை நாற்றங்கால், மரக்கன்று, தரிசைப் பசுமையாக்கும் வேலை என்று பாட்டிமார் அறிந்த செடிகளெல்லாம் அங்கே நாற்றாக நின்றன!

எலி பிடிக்கப் பிரிட்டன் பெண்களும் கிளம்பினார்கள்... தெரியுமா?
முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, வயலில் யார் இறங்குவது? 1917-ல் ‘பெண்கள் நிலப்படை’ உருவானது! போர் முடிந்ததும் கலைந்தது. 1939 ஜூனில், அடுத்த போர் வெடிப்பதற்கு முன்பே மீண்டும் திரண்டது. தன்னார்வமாக வந்தவர்களில் பலர் அதற்குமுன் பசுவின் மடியைத் தொட்டே அறியாத நகரத்துப் பெண்கள்! உச்சத்தில் எண்ணிக்கை 80,000-ஐத் தாண்டியது. உழுதார்கள், பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள். தானியத்தைக் காக்க எலி பிடிக்கவே தனிக் குழுக்களும் இருந்தன!

தலைவியே ராஜினாமா செய்தார்... தெரியுமா?
இவ்வளவு உழைத்தும் கூலி ஆண்களைவிடக் குறைவு. போர் முடியும் தறுவாயில், மற்றப் படைகளின் பெண்களுக்குக் கிடைத்த சலுகைகள் இவர்களுக்கு மறுக்கப்பட்டன. கொதித்துப்போன தலைவி லேடி டென்மன் 1945-ல் பதவியையே தூக்கி எறிந்தார்! படை 1950-ல் கலைந்தது. அரசு அவர்களுக்கு நினைவு பேட்ஜ் கொடுத்தது எப்போது? 2008-ல்! கலைந்து 58 வருடம் கழித்து! அதற்குள் எத்தனை பேர் கண்மூடியிருப்பார்கள்?

டென்மார்க் பணத்தில் தமிழ்நாட்டு நடவுப் பாடம்... தெரியுமா?
1620-ல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டேனிஷ்காரர்களின் நாடு, 1986-ல் வேறொரு வேலைக்கு உதவியோடு வந்தது. அதுதான் பெண் விவசாயிகளுக்கான பயிற்சித் திட்டமான ‘தான்வா’! நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள், வேளாண்மைத் துறைப் பயிற்சிக்குப் போவது மட்டும் ஆண்களா? இந்தக் கேள்விதான் தொடக்கம். கிராமத்துக்கே போய்ச் சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கற்றவர் வீட்டோடு நிற்கக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிச் சொல்லித்தர வேண்டும்! ஊர் ஊராக ‘தான்வா’ மகளிர் குழுக்கள் முளைத்தது இப்படித்தான்.

நல்ல விதை எது என்று முட்டை சொல்லும்... தெரியுமா?
விவசாயப் பெண்கள் கற்கும் எளிய விதைப்பாடம் இது: வாளித் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போடுங்கள், அடியில் கிடக்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். முட்டை மேலே வந்து நாலணாக் காசு அளவுக்குத் தலைகாட்டும்போது நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டுங்கள். பதர் மிதக்கும், கனத்த விதை தங்கும்! ஒரு விஷயம் மறக்காதீர்கள்: தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்!

இத்தனைக்கும் பட்டா யார் பேரில்... தெரியுமா?
இந்தியாவில் பெண்கள் பேரில் உள்ள சாகுபடி நிலக்கணக்குகள் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சுமார் 14 சதவீதம்தான்! பேரில் நிலம் இல்லாதவரைக் கடனிலும் மானியத்திலும் பெரும்பாலும் விவசாயியாகவே எண்ணுவதில்லை. இதை மாற்ற, வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் பெண் விவசாயிகள் உரிமைக்கான தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகாமலேயே காலாவதியானது!

2026 யாருடைய ஆண்டு... தெரியுமா?
ஐ.நா. சபை 2026-ஐப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டாக அறிவித்தது! நம் நாட்டில் அக்டோபர் 15 பெண் விவசாயிகள் தினம். லேடி டென்மன் கேட்டதும் சுவாமிநாதன் கேட்டதும் ஒன்றுதான்: வேலை செய்தவளுக்கு உரியதைக் கொடுங்கள். பேட்ஜுக்கு 58 வருடம் ஆனது, பட்டாவுக்கும் அத்தனை வருடமா?