சங்கிலியை அளக்காதீர்கள், எண்ணுங்கள்!

ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் ஆறு நாட்கள் நடைபெறும் மோட்டார் சைக்கிள் போட்டி ஒன்று உண்டு. அதில் வேகம் முக்கியமன்று. பாறைகளின் மீதும் ஓடைகளின் ஊடேயும் காலை ஊன்றாமல் ஓட்டிச் செல்ல வேண்டும். ஊன்றினால் குற்றப் புள்ளி! இவ்வகைப் போட்டிக்கு 'டிரையல்ஸ்' என்று பெயர். பாறை ஏறும்போது சங்கிலி (செயின்) நழுவினால் பின்சக்கரம் விசையை இழக்கும். ஓட்டுநர் வண்டியோடு சாய்வார். எனவே சங்கிலி தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

புதிய சங்கிலி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? பழையதை அளந்து பார்த்தால் போதுமே என்பீர்கள். போதாது! ஏன் என்று பார்ப்போம்.

ஆணி, குழல், உருளை ஆகியவை கொண்ட இன்றைய சங்கிலியை ஹான்ஸ் ரெனால்ட் 1880 இல் இங்கிலாந்தில் உருவாக்கினார். ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ளது ஒரு கண்ணி. பல டிரையல்ஸ் வண்டிகளில் '520' என்ற சங்கிலி உள்ளது. அதன் கண்ணி நீளம் 15.875 மி.மீ. நாளடைவில் ஆணியும் குழலும் உராய்ந்து தேய்வதால் ஆணிகளின் இடைவெளி கூடுகிறது. 100 கண்ணிகள் கொண்ட சங்கிலி 2 சதவீதம் நீண்டுவிட்டதாகக் கொள்வோம். அதன் நீளம் 102 புதிய கண்ணிகளுக்குச் சமமாகிவிடும்! அளந்து வாங்குபவர் ஏமாறுவார். எண்ணி வாங்குபவர் ஏமாறமாட்டார்.

ஆனால் பற்சக்கரத்தையும் மாற்றியிருந்தால் எண்ணுவதும் உதவாது. கணக்குத்தான் துணை. முன் பற்சக்கரத்தில் 11 பற்கள், பின்னதில் 42, மையங்களின் இடைத்தூரம் 575 மி.மீ. என்க.

1. இடைத்தூரத்தின் இரு மடங்கைக் கண்ணி நீளத்தால் வகுக்க: 1150 ÷ 15.875 = 72.44

2. பற்களின் கூடுதலில் பாதி: 53 ÷ 2 = 26.5

3. பற்களின் வித்தியாசத்தை 6.28 ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தி, கண்ணி நீளத்தால் பெருக்கி, இடைத்தூரத்தால் வகுக்க: 0.67

மொத்தம் 99.61. உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஆகவே 100. மிகுதியான 0.39 கண்ணி சுமார் 6 மி.மீ. சங்கிலி மேலும் கீழுமாக இருமுறை செல்வதால், பின் அச்சை அதில் பாதி, அதாவது 3 மி.மீ. பின்னே நகர்த்தினால் சரியாகிவிடும். பின்னால் 44 பற்கள் இருந்தால் விடை 100.70, அப்போது 102 கண்ணிகள் தேவை.

இடைத்தூரத்தை எந்த நிலையில் அளப்பது? பின்சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் ஆடக்கூடியது. முன் பற்சக்கர மையம், கையின் சுழல்மையம், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் இடைத்தூரம் மிக அதிகம். முக்கோணத்தின் இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாம் பக்கத்தைவிடப் பெரிது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்நிலையில் அளக்க வேண்டும்; அந்நிலையிலும் சங்கிலியில் சிறிது தொய்வு இருக்க வேண்டும். இல்லையேல் பள்ளத்தில் இறங்கி எழும்போது சங்கிலி விறைத்து, அறுந்தும் போகலாம்.

சைக்கிள் சங்கிலியின் கண்ணி நீளம் 12.7 மி.மீ. உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணி, இடைத்தூரத்தை அளந்து கணக்கிடுங்கள். பிறகு கண்ணிகளை எண்ணிச் சரிபாருங்கள். விடை பொருந்தும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே தனி!