டூயல் சேனல் நினைவகம் இயங்காதபோது பழுதறிதல்

மேசைக் கணினியின் செயலி, ரேம் நினைவகத்துடன் இரண்டு தனிப் பாதைகள் வழியாக ஒரே நேரத்தில் தரவைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்பே டூயல் சேனல் எனப்படும். இரண்டு ரேம் அட்டைகளைப் பொருத்திய பின்னும் சில கணினிகள் ஒற்றைச் சேனலிலேயே இயங்குகின்றன. பெரும்பாலும் இதற்குக் காரணம் அட்டை பொருத்தப்பட்ட இடமோ சரியாகப் பதியாத இணைப்போதான். எனவே, புதிய ரேம் வாங்குவதற்கு முன் குறை எங்குள்ளது என்பதைச் சோதித்து அறிய வேண்டும்.

செயல்படும் முறை

டிடிஆர்4 நினைவகத்தில் ஒரு சேனலின் அகலம் 64 பிட். இரண்டு சேனல்கள் சேரும்போது அது 128 பிட் ஆகிறது. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிகாபைட் வரையும், இரு சேனல்களில் 51.2 ஜிகாபைட் வரையும் தரவைக் கடத்த வல்லது. இது உச்ச அளவு மட்டுமே. கணினியின் மொத்த வேகம் இதனால் இரட்டிப்பாகாது. இணையத்தில் உலாவுதல், தட்டச்சு செய்தல் போன்ற வேலைகளில் வேறுபாடு அதிகம் தெரிவதில்லை. ஆனால் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில், செயலிக்குள் உள்ள கிராபிக்ஸ் பகுதியும் இதே ரேமைப் பயன்படுத்துகிறது. அத்தகைய கணினிகளில் ஒரு சேனல் இயங்காவிட்டால் விளையாட்டுகளின் வேகம் வெளிப்படையாகக் குறையும்.

டூயல் சேனல் என்பது ரேம் அட்டையில் உள்ள வசதி அன்று. அது செயலியும் தாய்ப்பலகையும் தரும் வசதி. கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படுவது, ஒன்றாகச் சோதிக்கப்பட்ட ஒரே மாதிரியான இரண்டு அட்டைகள் மட்டுமே.

இயங்குகிறதா என உறுதிசெய்தல்

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் ரேமின் அளவையும் வேகத்தையும் காட்டும். பொதுவாகச் சேனல் எண்ணிக்கையைக் காட்டாது. சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளில் மெமரி பகுதியைத் திறந்தால் சேனல் விவரம் இருக்கும். 'டூயல்' அல்லது '2 x 64 பிட்' என்றிருந்தால் இரு சேனல்களும் இயங்குகின்றன.

டிடிஆர்5 நினைவகத்தில் ஒவ்வோர் அட்டையும் தலா 32 பிட் கொண்ட இரண்டு துணைச் சேனல்களாகப் பிரிந்துள்ளது. ஆகவே ஒரே அட்டை இருந்தாலும் '2 x 32 பிட்' என்று வரலாம். இதை டூயல் சேனல் என எண்ணக் கூடாது. இரு சேனல்களும் இயங்கினால் '4 x 32 பிட்' என வரும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. செயலியின் வரம்பு: இன்டெல் என்100 போன்ற சில செயலிகள் ஒரு சேனலை மட்டுமே கொண்டவை. இவற்றில் எந்த மாற்றத்தாலும் டூயல் சேனல் கிடைக்காது.

2. ஸ்லாட்டின் இடம்: நான்கு ஸ்லாட்டுகள் உள்ள தாய்ப்பலகைகளில் அவை ஏ1, ஏ2, பி1, பி2 எனக் குறிக்கப்படும். ஏ1, ஏ2 இரண்டும் ஒரே சேனலைச் சேர்ந்தவை. அடுத்தடுத்த இந்த இரண்டிலும் அட்டைகளைச் செருகினால் ஒற்றைச் சேனலே இயங்கும். பெரும்பாலான தாய்ப்பலகைகளில் செயலியிலிருந்து எண்ணும்போது 2, 4 ஆம் ஸ்லாட்டுகளே, அதாவது ஏ2, பி2 ஆகியவையே, பரிந்துரைக்கப்படுகின்றன. நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எனவே கையேட்டைப் பார்ப்பதே நல்லது.

3. அளவு வேறுபாடு: 4 ஜிபி, 8 ஜிபி அட்டைகளை இணைத்தால், இன்டெலின் ஃபிளெக்ஸ் முறையில் 4+4 ஜிபி டூயல் சேனலிலும் மீதி 4 ஜிபி ஒற்றைச் சேனலிலும் இயங்கும். இது பழுதன்று. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கும். டூயல் சேனல் பொதுவாக நிற்பதில்லை.

மாற்றிப் பொருத்திச் சோதித்தல்

கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்த வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடலில் உள்ள நிலைமின்னால் பாகங்கள் பழுதாகும் வாய்ப்பு குறையும்.

முதலில் இரு அட்டைகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக ஏ2 ஸ்லாட்டில் மட்டும் பொருத்திக் கணினியை இயக்க வேண்டும். ஓர் அட்டையில் மட்டும் இயங்கவில்லை என்றால் குறை அந்த அட்டையில் இருக்கக்கூடும். அதன் பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பின் மீண்டும் சோதிக்கலாம். அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் அதன் துகள்கள் ஸ்லாட்டில் தங்கிவிடக்கூடும்.

இரண்டும் தனித்தனியே இயங்கினால் அட்டைகள் நல்லவை எனக் கொள்ளலாம். அடுத்து ஒன்றை ஏ2-விலும் மற்றொன்றை பி2-விலும், பூட்டு 'க்ளிக்' என்று விழும் வரை அழுத்திப் பொருத்த வேண்டும். கணினி இயங்காவிட்டாலோ பாதி அளவையே காட்டினாலோ, இரண்டாவது அட்டையைக் கையேடு அனுமதித்தால் பி1-க்கு மாற்றிப் பார்க்கலாம். பி1-இல் இயங்கினால் பி2 ஸ்லாட்டில் குறை உள்ளது. பி1-இலும் இயங்காவிட்டால் குறை அந்தச் சேனல் முழுவதிலும் இருக்கலாம்.

டிடிஆர்5 கணினிகளில் ரேமை மாற்றிய பின் முதல் முறை திரை வருவதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதைப் பழுது என எண்ணி மின்சாரத்தை உடனே துண்டிக்கக் கூடாது.

செயலியின் சாக்கெட்

பழைய கணினிகளில் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி தாய்ப்பலகையின் சிப்செட்டில் இருந்தது. 2003-இல் வந்த ஏஎம்டி அத்லான் 64, 2008-இல் வந்த இன்டெல் நெஹாலம் ஆகியவற்றில் அது செயலிக்குள் இடம்பெற்றது. இன்றைய மேசைக் கணினிகளில் ஒவ்வொரு சேனலும் சாக்கெட்டின் பின்கள் வழியாகவே செயலியை அடைகிறது. ஒரு பின் வளைந்தாலும், தூசியோ வெப்பப் பசையோ படிந்தாலும் ஒரு சேனல் முழுவதும் இயங்காமல் போகலாம். குளிர்விப்பானின் திருகுகள் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுகியிருந்தாலும் இதே விளைவு ஏற்படலாம். திருகுகளைத் தளர்த்தி, குறுக்காக எதிரெதிர் திருகுகளைச் சிறிது சிறிதாகச் சமமாக இறுக்குவது முறை. வளைந்த பின்களை அனுபவமுள்ளவர்களே நிமிர்த்த வேண்டும். உத்தரவாதக் காலம் இருந்தால் அதன்வழி செல்வதே நல்லது.

பயாஸ் அமைப்பு

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆகியவை ரேமின் வேகத்தை உயர்த்தும் அமைப்புகள்; டூயல் சேனலை இயக்குபவை அல்ல. ஆனால் உயர்ந்த வேகம் நிலையற்றதாக இருந்தால் அட்டை கண்டறியப்படாமல் போகலாம். எனவே சோதனையின்போது இவற்றை நிறுத்திவைக்க வேண்டும். சிமாஸ் அமைப்பை அழித்து மீண்டும் தொடங்குவதும், பயாஸைப் புதுப்பிப்பதும் சில வேளைகளில் பலன் தரும். இரு சேனல்களும் இயங்கத் தொடங்கிய பின் மெம்டெஸ்ட்86+ மென்பொருளால் ஒரு முழுச் சுற்றுச் சோதித்து, பிழை ஏதும் இல்லை என உறுதிசெய்துகொள்வது நன்று.