பிறர் பொருளைக் காக்கும் பணி

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் கோல சிலாங்கூர் அமைந்துள்ளது. அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் அடுத்தடுத்து வரும். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் அருகே தென்னமரம் என்னும் பெயருடைய தோட்டம் உள்ளது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இத்தோட்டத்தில்தான். ஆண்டு 1917. நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர்.

காட்டைத் திருத்தித் தோட்டம் போடப் பெரும்பணம் வேண்டும். ரப்பர் மரம் பால் தருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதுவரை செலவு உண்டு, வரவு இல்லை. ஃபொக்கோனியேவுக்கு அப்பணம் அட்ரியன் ஹாலே என்னும் பெல்ஜிய முதலீட்டாளர் போன்றோரின் துணையால் ஐரோப்பாவிலிருந்து கிடைத்தது. தோட்டத்தின் இலாபமும் முதலீடு செய்தவர்களின் வங்கிக் கணக்குகளைச் சென்றடைந்தது. மரம் சீவியவரின் கைக்கு வந்தது மாதச் சம்பளம் மட்டுமே. அதிலும் ஒரு பகுதி கடைக்கடனை அடைக்கவே போய்விடும். எஞ்சியதைச் சிலர் நகையாக்கினர். சிலர் ஊருக்கு அனுப்பினர். பெருஞ்செல்வத்தை எப்படிப் பாதுகாப்பது, எப்படிப் பெருக்குவது என்னும் பேச்சுக்கு லயத்து வீடுகளில் இடமிருக்கவில்லை.

இன்று நிலைமை மாறியுள்ளது. தோட்டப்புறங்களில் பிறந்த பிள்ளைகள் பட்டதாரிகளாகின்றனர். பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று இயங்குகிறது. கணக்கியல், பொருளியல், நிதியியல், சட்டம் ஆகியவற்றைக் கற்றவர்களுக்குத் திறந்திருக்கும் துறைகளுள் ஒன்று ‘பிரைவேட் பேங்கிங்’ எனப்படும் தனிச்சேவை வங்கித்துறை.

இச்சொல்லைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. தனியாருக்குச் சொந்தமான வங்கி என்பது இதன் பொருளன்று. செல்வம் மிகுந்த தனிமனிதருக்கும் குடும்பத்துக்கும் ஒரு வங்கி தனிப்பட்ட முறையில் ஆற்றும் சேவையையே இது குறிக்கும். மேபேங்க், சி.ஐ.எம்.பி. போன்ற உள்நாட்டு வங்கிகளிலும் இப்பிரிவு உண்டு. ஒரு குடும்பம் தன் தொழிலை விற்று ஐந்து மில்லியன் ரிங்கிட் பெற்றது எனக் கொள்க. அப்பணத்தில் எவ்வளவை வைப்புத்தொகையாக வைப்பது? எவ்வளவைப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் இடுவது? பிள்ளைகளின் கல்விக்கு எதை ஒதுக்குவது? பெற்றோரின் காலத்துக்குப் பின் சொத்தை எப்படிப் பிரிப்பது? இவ்வினாக்களுக்கு அக்குடும்பத்தோடு அமர்ந்து விடை தேடுபவரே வாடிக்கையாளர் உறவு மேலாளர். அவர் கையாளும் பணத்தில் ஒரு காசுகூட அவருடையதன்று. இத்தொழிலின் அருமையும் ஆபத்தும் அதில்தான் அடங்கியுள்ளன.

தமிழர்களுக்கு இத்தொழில் முற்றிலும் புதியதன்று. தமிழ்நாட்டின் செட்டிநாட்டிலிருந்து வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வட்டித்தொழில் செய்தனர். பின்னர் அவர்கள் கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் தொழில் நடத்தினர். ஐரோப்பிய வங்கிகள் கடன்தரத் தயங்கிய சிறுதோட்டக்காரர்களுக்கும் ஈயச் சுரங்கக்காரர்களுக்கும் வணிகர்களுக்கும் இவர்களே கடன் வழங்கினர். உறவினர்களும் கோயில்களும் ஒப்படைத்த வைப்புப் பணமும் இவர்களது முதலில் கலந்திருந்தது. ஆகவே, இவர்களும் பிறர் பொருளைக் காத்தவர்களே.

இவர்கள் தொழில் நடத்திய இடத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றில் பல நிறுவனங்கள் அருகருகே இயங்கின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டகம், ஒரு சாய்வுப் பெட்டி, உட்காரப் பாய். இவையே ‘அலுவலகம்’. இங்கு வேலைக்கு வருபவர் எடுத்த எடுப்பிலேயே கடன் கொடுக்க அனுமதிக்கப்படுவதில்லை. பதின்ம வயதில் சேரும் இளைஞர் முதலில் ‘பெட்டியடிப் பையன்’ ஆவார். கூட்டுவது, தகவல் கொண்டு செல்வது, தவணைப் பணம் வாங்கி வருவது, கணக்கு எழுதுவது ஆகியவை அவருடைய வேலைகள். தேர்ச்சி பெற்ற பின்னர் அவர் ‘அடுத்தாள்’ நிலைக்கு உயரலாம். பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே முதலாளியின் சார்பில் கடையை நடத்தும் ‘மேலாள்’ பொறுப்பு கிடைக்கும். மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு நியமிக்கப்படுவார்.

இப்பயிற்சியின் நடுநாயகமாக விளங்கியது கணக்கு. அன்றன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதி, பின்னர் பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிவு செய்தனர். குறிப்பிட்ட காலத்துக்கொரு முறை ஐந்தொகை தயாரித்துச் செட்டிநாட்டிலுள்ள முதலாளிக்கு அனுப்பினர். கடலுக்கு அப்பால் இருந்த முதலாளி நேரில் வந்து பார்க்க இயலாது. மேலாளின் நேர்மையை அவர் கணக்கின் வழியாகவே அறிந்தார். எனவே, பெட்டியடியில் கற்ற கூட்டலும் கழித்தலும் வெறும் எண்ணறிவாக நிற்கவில்லை. நம்பத்தகுந்தவர் என்று ஒருவரைக் காட்டும் சான்றாகவும் அவை விளங்கின.

இத்தொழில் எல்லாருக்கும் நன்மையே செய்தது என்று கூற இயலாது. கடனுக்குப் பெரும்பாலும் நிலமே ஈடாக வைக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1932ஆம் ஆண்டில் அதன் விலை பத்துக் காசுக்கும் கீழே சரிந்தது. விலை ஏறியபோது வாங்கிய கடனை விலை இறங்கியபோது அடைக்க முடியாமல் சிறுதோட்டக்காரர் பலர் நிலத்தை இழக்கும் நிலைக்கு வந்தனர். இதனால் சிறுநிலங்களின் விற்பனையைக் கட்டுப்படுத்த 1931ஆம் ஆண்டில் அரசு சட்டம் இயற்றியது. பின்னர் ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் கடன்பட்டவர்கள் பலர் ‘வாழைமர நோட்டு’ எனப்பட்ட ஜப்பானியத் தாளில் கடனை அடைத்தனர். 1945ஆம் ஆண்டில் போர் முடிந்தவுடன் அந்தத் தாள் மதிப்பிழந்தது. இப்போது இழந்தவர்கள் கடன் கொடுத்தவர்கள். பணத்தைக் கையாள்பவர் சந்தையின் ஏற்றத்தை மட்டும் நம்பக்கூடாது, இறக்கத்துக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

காலப்போக்கில் கிட்டங்கியின் இடத்தை நவீன வங்கி பிடித்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் அது ஒரே நாளில் திறக்கப்பட்டது. விரைவில் மலாயாவிலும் கிளை பரப்பியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகளைப் பற்றிய மலேசியச் சட்டத்தின் காரணமாக, 1973ஆம் ஆண்டில் அவ்வங்கியின் மலேசியக் கிளைகளும் வேறு இரு இந்திய வங்கிகளின் கிளைகளும் ஒன்றிணைந்து யுனைடெட் ஏசியன் வங்கியாயின. அடுத்தடுத்த இணைப்புகளின் வழியே அது இன்றைய சி.ஐ.எம்.பி. வங்கியின் ஒரு பகுதியாகியுள்ளது. பாயில் அமர்ந்து எழுதிய பேரேட்டுக்கும் இன்றைய கணினித் திரைக்கும் இடையே இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

இன்றைய பட்டதாரியும் ஏறத்தாழ அதே படிகளில்தான் ஏறுகிறார். பட்டம் பெற்றவுடன் செல்வந்தரின் எதிரே அமர்ந்து ஆலோசனை கூறும் வாய்ப்பு அரிது. பல வங்கிகள் பட்டதாரிகளை நிர்வாகப் பயிற்சியாளர்களாகச் சேர்க்கின்றன. ஓராண்டு அல்லது இரண்டாண்டுக் காலத்தில் அவர்கள் கிளை, கடன், இடர் மேலாண்மை, விதிமுறைக் கண்காணிப்பு ஆகிய பிரிவுகளுக்கு மாறி மாறி அனுப்பப்படுகின்றனர். தனிச்சேவைப் பிரிவுக்குச் சென்றாலும் முதலில் உதவியாளர் வேலையே கிடைக்கும். வாடிக்கையாளரின் ஆவணங்களைச் சரிபார்ப்பது, முதலீட்டு அறிக்கையைத் தயாரிப்பது, சந்திப்பில் பேசப்பட்டதைக் குறித்து வைப்பது முதலியவை அவருடைய பணிகள். பார்வைக்குச் சிறியவையாகத் தோன்றும் இவை ‘பெட்டியடி’ வேலையின் இக்கால வடிவமாகும். ஓர் எண் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் பணம் வேறொரு கணக்குக்குப் போய்விடும்.

படிப்பும் பட்டத்தோடு முடிவதில்லை. முதலீட்டுத் திட்டங்களை விற்க உரிய பதிவோ உரிமமோ பெறவேண்டும். அதற்குத் தேர்வு எழுதவேண்டும். யூனிட் டிரஸ்ட் விற்பதற்கு ஒரு தேர்வு. காப்புறுதி விற்பதற்கு மற்றொரு தேர்வு. மேலும் உயர விரும்புவோர் மூன்று நிலைகளைக் கொண்ட சி.எஃப்.ஏ. தேர்வை எழுதுகின்றனர். பட்டய வங்கியாளர் தகுதியைப் பெற முயல்வோரும் உளர். பகலில் வேலையும் இரவில் படிப்புமாகப் பல ஆண்டுகள் கழியும். பகட்டான உடையையும் குளிரூட்டிய அறையையும் மட்டும் எண்ணி இத்துறைக்கு வருபவர் நெடுநாள் நிலைப்பதில்லை.

இவை அனைத்தையும்விடக் கடினமான தேர்வு ஒன்று உண்டு. அதற்கு வினாத்தாள் கிடையாது. வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியிடுவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி குற்றமாகும். இதற்கு ஐந்தாண்டு வரை சிறையோ, பத்து மில்லியன் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நண்பரிடம் பெருமைக்குச் சொன்ன ஒரு சொல்கூடப் பணியாளரின் வாழ்க்கையைக் குலைத்துவிடக்கூடும். அதே நேரத்தில், காக்கக்கூடாத இரகசியமும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் ஐயம் எழுந்தால் அதிகாரிகளிடம் தெரிவிப்பதும் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின்படி வங்கியின் கடமைகளாகும். 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நாணய ஆணையம், பணச்சலவைத் தடுப்பு விதிகளைக் கடுமையாக மீறியதற்காக பி.எஸ்.ஐ. என்னும் தனிச்சேவை வங்கியை மூட உத்தரவிட்டது. அதில் பணியாற்றிய சிலர் சிறைக்கும் சென்றனர். அவர்கள் கல்வியில் குறைந்தவர்கள் அல்லர். கேட்கவேண்டிய நேரத்தில் கேள்வி கேட்கத் தவறியவர்கள்.

விற்பனை இலக்கும் ஒரு சோதனையாகும். ஒரு திட்டத்தை விற்றால் பணியாளருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். ஆனால், அத்திட்டம் எதிரே அமர்ந்திருக்கும் முதியவருக்கு ஏற்றதன்று. அப்போது அவர் என்ன செய்வார்? ‘இது உங்களுக்கு வேண்டாம், ஐயா’ என்று சொல்பவருக்கு அம்மாதம் வருமானம் குறையலாம். ஆயினும், அந்த முதியவர் அடுத்த ஆண்டு தம் பிள்ளைகளையும் அவரிடமே அழைத்து வருவார். தனிச்சேவை வங்கியாளரின் உண்மையான முதல் அத்தகைய நம்பிக்கைதான்.

தோட்டப்புறத்திலிருந்து வரும் மாணவருக்கு இத்துறையில் எட்டாதது எதுவுமில்லை. செல்வந்தர் பழக்கம் இல்லையே என்று அவர் தயங்கலாம். ஆனால், தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் பேசக் கற்றவர் பலதரப்பட்ட வாடிக்கையாளரோடு பழகும் தகுதியை ஏற்கெனவே பெற்றிருக்கிறார். மாதக் கடைசியில் பெற்றோர் ஒவ்வொரு ரிங்கிட்டையும் எண்ணிச் செலவழித்ததைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பணத்தின் அருமையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி அவர் வீட்டின் அன்றாட நடைமுறை.

இந்த அறிவு செல்வந்தருக்கு மட்டும் பயன்படுவதுமன்று. ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளர் ஒருவர் ஊழியர் சேமநிதியைப் பெறும் நாளை எண்ணிப் பார்க்கலாம். வாழ்நாள் முழுவதும் சேர்ந்த தொகை ஒரே முறையில் கைக்கு வரும். விரைவில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லும் மோசடிக்காரரும் அந்நாளையே எதிர்பார்த்திருப்பார். அப்போது அந்தத் தொழிலாளியின் மகளோ மகனோ, ‘அப்பா, கையொப்பம் போடாதீர்கள். இந்த நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்’ என்று சொன்னால், அந்தச் சேமிப்பு பிழைக்கும். வங்கியில் கற்ற பாடம் அன்று வீட்டைக் காக்கும்.

தொடக்கத்துக்குப் பெருந்தொகை தேவையில்லை. தம் கைச்செலவை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, மாத இறுதியில் கூட்டிப் பார்க்கும் மாணவர் அத்தொழிலின் முதற்பாடத்தைத் தொடங்கிவிட்டார். கிட்டங்கியின் பெட்டியடியில் அமர்ந்த இளைஞருக்குக் கற்பிக்கப்பட்டதும் அதுவே.