பறக்கும் வீரனைத் தாங்குவோர்

வானத்திலே பறக்கும் மனிதனைக் கண்டு வியக்காதவர் யார்? பாட்டி சொன்ன கதைகளில் பறந்தவன், பின்னர்த் திரைப்படத்தில் பறந்தான். இன்று கைப்பேசியிலும் பறக்கிறான். நம் விடுதியிலே அதிமானுட வீரர் தொடர் ஒன்றின் புதிய சீசன் வெளியாகும் நாளில், ஒரே திரையைச் சுற்றி நால்வர் ஐவர் கூடிவிடுவதை நாம் அறிவோம். பார்த்து முடித்ததும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழுகின்றன. ஒன்று: "இதை எப்படித்தான் எடுத்தார்கள்?" மற்றொன்று: "அடுத்த சீசன் வர ஏன் இத்தனை நாள்?" முதற்கேள்விக்கு விடை கண்டால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும். அதை என்னால் இயன்ற அளவு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீசன் என்பது யாது?

சீசன் என்ற சொல் சித்தூர் நண்பர்களுக்குப் புதிதன்று. மாங்காய் சீசன் வந்துவிட்டால் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளின் வாயிலில் வரிசையாக நிற்கும். அந்தச் சில வாரங்களுக்காக ஆண்டு முழுவதும் நீர் பாய்ச்சி, மருந்து தெளித்து, காவல் காத்தவர்கள் உண்டு. தொலைக்காட்சித் தொடரின் சீசனும் அத்தகையதே. நாம் ஒரே இரவில் பார்த்து முடிக்கும் எட்டு அல்லது பத்துப் பகுதிகளுக்குப் பின்னால் ஓராண்டோ ஈராண்டோ உழைப்பு இருக்கிறது. முதலில் எழுத்தாளர்கள் பலர் ஓர் அறையில் கூடி, சீசன் முழுவதற்குமான கதையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிறார்கள். பின்னர் படப்பிடிப்பு, அதன்பின் தந்திரக் காட்சிகள், இறுதியில் ஒலியும் மொழிமாற்றமும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் காலமும் பணமும் கழுத்தைப் பிடிக்கின்றன.

வண்ணம் வந்த சீசன்

இவ்வகைத் தொடர்களுக்கு முன்னோடி, 1952 முதல் 1958 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்த சூப்பர்மேன் தொடர். ஜார்ஜ் ரீவ்ஸ் வீரனாக நடித்தார். ஆறு சீசன்கள், 104 பகுதிகள். முதல் இரண்டு சீசன்களும் கறுப்பு வெள்ளை. அப்போது ரீவ்ஸ் அணிந்தது நாம் அறிந்த நீலமும் சிவப்புமான உடை அன்று. பழுப்பும் சாம்பலும் கலந்த உடை! நீலமும் சிவப்பும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாக விழும் ஆதலால், வேறுபாடு தெரிவதற்காக இந்த ஏற்பாடு.

மூன்றாம் சீசன் 1954-இல் வண்ணத்தில் படமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே இருந்த காலம் அது. வண்ணப் படச்சுருளுக்குச் செலவு மிகுதி. விளைவு என்ன? அதுவரை சீசனுக்கு 26 பகுதிகள் எடுத்தவர்கள், அதுமுதல் 13 பகுதிகளே எடுத்தார்கள். செலவை அடக்க வேறு வழிகளையும் கண்டார்கள். ஒரே அரங்கில் நிகழும் காட்சிகளைப் பல பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எடுத்தார்கள். எந்தக் காட்சியை எந்தப் பகுதியில் சேர்த்தாலும் பொருந்தும்படி, நடிகர்கள் வாரந்தோறும் ஒரே உடையில் தோன்றினார்கள். பறக்கும் காட்சிகளையும் ஒருமுறை எடுத்து மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தினார்கள். மலையைத் தூக்கும் வீரனையும் கணக்குப் புத்தகம் கட்டிப்போட்டது என்பது இதனால் விளங்கும்.

கம்பியும் கணக்கும்

பறத்தல் எப்படி? பழைய முறை, நடிகரைக் கம்பியில் தொங்கவிடுவது. தொடக்கக் காலப் படப்பிடிப்பின்போது ரீவ்ஸ் கீழே விழ நேர்ந்தது. அதன்பின் அவர் குதிபலகையில் தாவி எழுவதும், உடலைத் தாங்கும் பலகை ஒன்றில் படுத்துப் பறப்பதாகக் காட்டுவதும் வழக்கமாயின.

இங்கே நம் முதலாண்டு இயற்பியலைச் சற்று நினைவு கூர்வோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரை இரண்டு கம்பிகள் செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றும் 35 கிலோ சுமக்கும். அக்கம்பிகளை இருபுறமும் விரித்து, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்த்தால், ஒவ்வொரு கம்பியும் முழு 70 கிலோவையும் சுமக்க வேண்டும். மேலும், ஒற்றைக் கம்பியில் கிடைமட்ட நிலையிலிருந்து ஊசல்போல் வீசி வருபவர் அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில், கம்பியின் இழுவிசை அவர் எடையைப் போல் மூன்று மடங்காகிவிடுகிறது. திரையில் ஒரு நொடி வந்து மறையும் அந்த வீச்சுக்காகக் கம்பி, கப்பி, இடுப்புப் பட்டை யாவற்றையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க ஒரு குழு வேண்டும். அக்குழுவின் கணக்குப் பிசகினால் ஓர் உயிர் போகும்.

கம்பி கண்ணுக்குத் தெரியாமற் போவதில் இன்னொரு தீங்கும் உண்டு. 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வெளிவந்த 'சக்திமான்' தொடரை நம் அண்ணன்மாரும் அக்காமாரும் மறந்திருக்க மாட்டார்கள். முகேஷ் கன்னா சுழன்று சுழன்று பறந்தார். அவரைப் பார்த்துச் சிறுவர்கள் தாமும் அவ்வாறே செய்ய முயன்று காயமுற்றதாகச் செய்திகள் வந்தன. அவரே திரையில் தோன்றி, இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று குழந்தைகளுக்கு எடுத்துச் சொன்னார். தாங்குகின்ற கம்பி ஒன்று உண்டு என்பதைச் சொல்லித்தர வேண்டிய கடமை, காட்டுகிறவருக்கும் உண்டு என்பதையே இது உணர்த்துகிறது.

பச்சைத் திரையின் மாயம்

இனி இன்றைய முறைக்கு வருவோம். நடிகர் பச்சை நிறத் திரைக்கு முன்னால் நின்று நடிக்கிறார். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களே. பச்சையின் எண் மற்ற இரண்டையும்விட மிக ஓங்கி நிற்கும் புள்ளிகளைக் கணினி நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வானத்தையோ நகரத்தையோ வைக்கிறது.

பச்சை ஏன்? மனிதத் தோலின் நிறத்தில் பச்சை ஓங்கி நிற்பதில்லை என்பது ஒரு காரணம். பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் உணர்பலகையில் நான்கு கட்டங்களுக்கு இரண்டு பச்சைக்கும், சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றும் ஒதுக்கப்பட்டிருப்பது இன்னொன்று. ஆகவே பச்சை துல்லியமாகப் பதிவாகிறது. வீரனின் உடையே பச்சையாக இருந்தாலோ? அப்போது நீலத்திரை கட்டுவார்கள். இல்லையேல் வீரனின் உடலும் சேர்ந்து மறைந்துவிடும்!

இத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணிவிட வேண்டா. பறக்கும் கூந்தலின் ஓரம், திரையிலிருந்து எதிரொளித்துக் கன்னத்தில் படியும் பச்சை ஒளி, வேகத்தில் மங்கும் கை ஆகியவற்றில் கணினி தடுமாறும். அங்கே மனிதக் கண்ணும் கையும் வேண்டும். ஒவ்வொரு சட்டகமாக எடுத்து, உருவத்தின் ஓரத்தைக் கோடிட்டுப் பிரிப்பார்கள். இதற்கு ரோட்டோ என்று பெயர். கம்பியை அழிப்பதும் இதை ஒத்த வேலையே. நொடிக்கு 24 சட்டகங்கள். மூன்று நிமிடச் சண்டைக்கு 4,320 சட்டகங்கள். அடுத்த சீசன் வர ஏன் இத்தனை நாள் என்பதற்குப் பாதி விடை இந்த ஓர் எண்ணிலே இருக்கிறது.

கணினி இல்லாமலும் நம்மவர் இவ்வித்தையில் வல்லவராய் இருந்தனர். 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில், தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தை எண்ணிப் பாருங்கள். எஸ்.வி. ரங்காராவின் கடோத்கசன் விருந்துண்ணும் காட்சியை இன்றும் பார்த்துச் சிரிக்கிறோம். அதன் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி படப்பிடிப்பு நிலையத்துக்குள்ளேயே நிலவொளியை வரவழைத்தார். துவாரகை நகரைச் சிறு வடிவில் அமைத்து மாநகராகக் காட்டினார். ஒரே வீட்டில் இரு மொழியும் கேட்கும் சித்தூர்க்காரர்களுக்கு, ஒரே மாயம் இரு மொழியில் பேசியதன் அருமை நன்கு தெரியும்.

அந்த இருமொழித் திறமைக்கு இன்றும் வேலை உண்டு. அயல்மொழித் தொடரைத் தமிழில் பேசவைப்பவர் பொருளை மட்டும் பார்த்தால் போதாது. திரையில் நடிகரின் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து வரும்படி சொல்லைத் தேட வேண்டும். புலவர்கள் மோனைக்குச் சொல் தேடியது போல, இவர்கள் உதட்டுக்குச் சொல் தேடுகிறார்கள்!

நிறுத்தி, திரும்பச் செய்தவர்கள்

அண்மைக்காலச் செய்தி ஒன்று இங்கே கருதத்தக்கது. 'டேர்டெவில்' என்னும் பார்வையற்ற வழக்கறிஞர் வீரனின் தொடர் 2015 முதல் 2018 வரை மூன்று சீசன்கள் வந்தது. இரண்டாம் பகுதியில் வரும் தாழ்வாரச் சண்டை ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டதுபோல் அமைந்து பெரும்புகழ் பெற்றது. அங்கே வியப்பைத் தந்தது கணினி மாயமன்று. பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர்கள் உண்மையாகவே களைத்துத் தள்ளாடியதுதான். பின்னர் 'போர்ன் அகெய்ன்' என்ற பெயரில் அத்தொடரை மறுபடி தொடங்கினார்கள். 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது 148 நாள் நீடித்தது. படப்பிடிப்பு நின்றது. அதுவரை எடுத்ததைப் பார்த்த நிறுவனத்தார் மனநிறைவு கொள்ளவில்லை. எழுத்தாளரையும் இயக்குநரையும் மாற்றி, பெரும்பகுதியைத் திருத்தியமைத்தார்கள். ஒன்பது பகுதிகள் கொண்ட அந்தச் சீசன் 2025 மார்ச் 4-ஆம் நாள்தான் வெளிவந்தது. ஓய்ந்து நின்று பார்க்க நேரம் கிடைத்ததால் குறை தெரிந்தது. அவசரமாக வெளியிட்டிருந்தால் அக்குறை நம் கண்ணுக்கு வந்திருக்கும்.

நம்மவர் பங்கு

இத்தனையும் அயல்நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று நண்பர் சிலர் கேட்கலாம். நமக்கு நிறையவே உண்டு. உலகத் தொடர்களின் ரோட்டோ வேலையும் கம்பி அழிக்கும் வேலையும் பெருமளவு சென்னை, ஐதராபாத், பெங்களூர், மும்பை நகரங்களில் நடைபெறுகின்றன. சித்தூரைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர், இளங்கலை முடித்துச் சென்னையில் இத்தொழிலுக்குப் போனார். ஊருக்கு வந்தபோது தாயாருக்கு ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டினார். அந்த அம்மாள், "இதுல நீ எங்கேப்பா இருக்கே?" என்று கேட்டார். "நான் அழிச்ச கம்பி இதுல இல்லம்மா, அதுதான் என் வேலை" என்றார் மகன். குறித்த நாள் நெருங்கினால் இரவு முழுவதும் வேலை. மிகைநேரக் கூலி கிடையாது. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரும் கிடையாது.

இது அவர் ஒருவரின் குறையன்று. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கியதற்காக ஆஸ்கர் விருது பெற்ற நிறுவனம், 2013-இல் அவ்விருதைப் பெறுவதற்குச் சில நாள் முன்னர்த்தான் நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் மனுச் செய்திருந்தது. 2023 செப்டம்பரில் மார்வெல் நிறுவனத்தின் காட்சி விளைவுத் தொழிலாளர்கள் ஒருமனதாக வாக்களித்துத் தங்களுக்கென்று சங்கம் கண்டார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்னும் பெருநிறுவனம் வீழ்ந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான நம் நாட்டு இளைஞர்கள் வேலை இழந்தார்கள். வீரன் மட்டும் விழாமற் பறந்துகொண்டிருக்கிறான்.

இயற்பியலும் கணிதமும் கணினியும் பயிலும் நம்மில் சிலர் நாளை இத்தொழிலை நாடலாம். தமிழகத்திலிருந்து இங்கு வந்து படிக்கும் என்னைப் போன்றோருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்கும் அது நல்ல வாய்ப்பே. அறிவுக்கும் கலைக்கும் ஒருங்கே வேலை தரும் தொழில்கள் பல இல்லை. ஆனால் நேர்முகத்துக்குப் போகும்போது எந்தத் தொடர், எந்த வீரன் என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். வேலை நேரம் எத்தனை, மிகைநேரத்துக்குக் கூலி உண்டா, பட்டியலில் பெயர் இடுவார்களா, ஒப்பந்தம் எழுத்தில் உண்டா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

வேலைக்குப் போகாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சீசன் காலந்தாழ்ந்து வந்தால் சீறாதீர்கள். அந்தத் தாமதம் யாரோ ஒருவருக்குக் கிடைத்த உறக்கமாகவும் இருக்கலாம். கடைசிப் பகுதி முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலைத் தாண்டிச் செல்லாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். அதில் நம் ஊர்ப் பெயர்களும் வரும்.