முயல் காட்டிய வழி!

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் பெரியவர்கள்.

சொல் மட்டுமா போகிறது? முறுக்கு போகிறது. கரும்பு போகிறது. நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சிரிப்பதும் போய்விடுகிறது!

பால்பல் விழுந்தால் மறுபடி முளைக்கும். அதன்பின் முளைத்த பல் விழுந்தால், மறுபடி முளைக்காது. ஆனால், தாடை எலும்பிலேயே ஒரு செயற்கைப் பல்லை ஊன்றிவிட இன்று வழி இருக்கிறது. அந்த வழியைக் காட்டியது, ஒரு முயல்!

கழற்ற முடியவில்லை

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரேன்மார்க். எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அவர் பார்க்க விரும்பினார். 1952-ம் ஆண்டில், முயலின் கால் எலும்பில் ஒரு சிறிய குழாயைப் பொருத்தினார். அது டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆனது.

ஆராய்ச்சி முடிந்தது. குழாயைக் கழற்றப் பார்த்தார். வரவில்லை! எலும்பு வளர்ந்து, உலோகத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலில் முள் தைத்தால், உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும். டைட்டானியத்தை அப்படித் தள்ளுவது இல்லை. காற்றுப் பட்டதும் அதன்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அந்தப் படலத்தை ஒட்டி எலும்பு வளர்கிறது.

"மனிதனின் எலும்பும் இப்படிப் பிடித்துக்கொள்ளுமா?" இதுதான் பிரேன்மார்க்கின் கேள்வி. பல ஆண்டுகள் சோதனை செய்தார்.

முதல் மனிதர்

1965-ம் ஆண்டு. சுவீடனில் உள்ள கோதன்பர்க் நகரம். பிரேன்மார்க்கிடம் ஒருவர் வந்தார். பிறவியிலேயே தாடைக் கோளாறு. கீழ்த்தாடையில் பற்கள் இல்லை. சாப்பிடவும் கஷ்டம், பேசவும் கஷ்டம்.

அவருடைய கீழ்த்தாடையில் 4 டைட்டானியம் திருகாணிகளைப் பிரேன்மார்க் பதித்தார். அவை எலும்போடு ஒட்டியபின், அவற்றின்மேல் பல்வரிசையைப் பொருத்தினார்.

பல் வைத்தியத் துறையில் பலர் இதை நம்பவில்லை. பிரேன்மார்க் பல் டாக்டர் அல்ல என்பதும் ஒரு குறையாகப் பேசப்பட்டது. 1982-ம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் ஒரு மாநாடு நடந்தது. அதன்பிறகுதான் உலகம் இதை ஏற்றது.

அந்த முதல் மனிதர் 2006-ம் ஆண்டில் காலமானார். அதுவரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்தத் திருகாணிகள் அவருக்கு உழைத்தன!

எப்படி வைக்கிறார்கள்?

முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு போதுமா என்று பார்ப்பார்கள். ஊசி போட்டு அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். பிறகு எலும்பில் துளையிட்டு, பல்லின் வேர் போலத் திருகாணியை இறக்குவார்கள்.

அடுத்து வேண்டியது பொறுமை. எலும்பு பிடித்துக்கொள்ளப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகும். அதன்பின், மேலே பல் போன்ற உறையை மாட்டுவார்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

புகை பிடிப்பவர்களுக்குத் திருகாணி ஒட்டாமல் போகும் ஆபத்து அதிகம். கட்டுக்கு அடங்காத சர்க்கரை வியாதி இருந்தால், முதலில் அதை அடக்க வேண்டும். தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்குப் பொதுவாக இதை வைப்பது இல்லை.

செயற்கைப் பல் சொத்தை ஆகாது. ஆனால், அதைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் ஈறு வீங்கும், எலும்பு கரையும், கடைசியில் திருகாணியே ஆடும். ஆகவே தினமும் துலக்க வேண்டும்.

செலவும் அதிகம்தான். கழற்றி மாட்டும் பல்செட்டு இருக்கிறது. பக்கத்துப் பற்களில் பிடித்துக் கட்டும் பல்லும் இருக்கிறது. எது உங்களுக்கு ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

"ஒரு பல்தானே!" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பல் போன இடத்தில் எலும்பு தேயத் தொடங்கும். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாயலாம். நாளாக ஆக, திருகாணி பதிக்கப் போதுமான எலும்பு இல்லாமலும் போகலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கிற பல்லைக் காப்பாற்றுங்கள். காலையில் மட்டும் அல்ல, இரவு படுக்கப் போகும் முன்பும் பல் துலக்குங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். அதற்குச் செலவு குறைவு, பலன் அதிகம்!