செம்பனை எண்ணெயும் புற்றுநோயும்

உயிர்வேதியியல் படித்தவள் என்று தெரிந்ததும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “செம்பனை எண்ணெய் சாப்பிட்டால் புற்றுநோய் வருமாமே, உண்மையா?” என்பதுதான். நம் சமூகத்துக்கு இது நெருக்கமான கேள்வி. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. பின்னர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பழக்குலை வெட்டியவர்களுள் நம் முன்னோர் பலர். இன்றும் நம் வீடுகளில் வடையும் முறுக்கும் பொரிவது பெரும்பாலும் இந்த எண்ணெயில்தான். அறிவியல் என்ன சொல்கிறது?

உயிரணுவுக்குக் கொழுப்பு அமிலம் இரண்டு வகையில் பயன்படுகிறது. ஒன்று, எரிபொருள். மற்றொன்று, உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வைக் கட்டும் பொருள். 1880-களில் கோலாலம்பூரில் அத்தாப்பு வீடுகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழும்பியபோது, பிரிக்பீல்ட்ஸில் செங்கற்சூளைகள் பெருகின. புற்றணுவின் நிலையும் அத்தகையதே. ஓயாமல் பெருகும் அதற்குப் புதிய சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொழுப்பு வேண்டும். அது எங்கிருந்து கிடைக்கிறது?

முதல் வழி, சொந்தத் தயாரிப்பு. குளுக்கோஸ் சிதைந்து உண்டாகும் இரண்டு கார்பன் துண்டுகள் எட்டு சேர்ந்தால், 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலம் உருவாகும். இதை இணைக்கும் நொதிக்குக் ‘கொழுப்பு அமிலத் தொகுப்பி’ எனலாம். வளர்ந்தவர்களின் உடலில் கல்லீரல் போன்ற சில உறுப்புகளைத் தவிர, மற்ற உயிரணுக்கள் பெரும்பாலும் இரத்தத்தில் வரும் கொழுப்பையே பயன்படுத்துகின்றன. ஆனால், புற்றுக்கட்டிகள் தாமே கொழுப்பு அமிலம் தயாரிக்கின்றன என்பது 1953-லேயே தெரியவந்தது. தீவிரமான மார்பகப் புற்றுநோய்களில் மிகுந்து காணப்பட்ட ஒரு புரதம் இந்த நொதியே என 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இரண்டாவது வழி, இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வது. இதற்குச் சிடி36 என்னும் புரதம் வாயிலாக அமைகிறது. இந்தப் புரதம் மிகுந்த புற்றணுக்களே பிற உறுப்புகளுக்குப் பரவுகின்றன என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2017-இல் எலிகளில் காட்டினர். 2021-இல் அதே குழு, பால்மிட்டிக் அமிலம் அந்தப் பரவும் தன்மையைத் தூண்டுகிறது என்றும், ஒலியிக் அமிலம் அவ்வாறு செய்யவில்லை என்றும் வெளியிட்டது.

செம்பனை எண்ணெயில் பால்மிட்டிக் அமிலம் ஏறத்தாழ 44 விழுக்காடு. ஒலியிக் அமிலம் ஏறத்தாழ 40 விழுக்காடு. அப்படியானால் குற்றவாளி இதுதானா? அவசரப்படக்கூடாது. அந்த ஆய்வுகள் எலிகளில் நடந்தவை. ஏற்கெனவே இருக்கும் புற்று பரவுவதைப் பற்றியவை. நெய்யிலும் இறைச்சியிலும்கூடப் பால்மிட்டிக் அமிலம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மாவுப்பொருளிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் நம் உடலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. எண்ணெய்ப் போத்தலை மாற்றுவதால் மட்டும் இந்த வழி அடைபடாது.

செம்பனை எண்ணெயை மருந்தாகப் போற்றுவதும் பொருந்தாது. அதிலுள்ள தோக்கோதிரையனோல் என்னும் உயிர்ச்சத்து இ வகையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் டாக்டர் கலாநிதி நேசரத்தினம். ஆய்வுக்கூடத்தில் அது மார்பகப் புற்றணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. ஆனால், 240 பெண்களிடம் ஐந்தாண்டுகள் நடத்தி 2010-இல் வெளியான சோதனையில், வழக்கமான மருந்துடன் அதையும் உட்கொண்டவர்களுக்குப் புள்ளியியல் அடிப்படையில் உறுதியான கூடுதல் பலன் தெரியவில்லை. நம்பிக்கை தந்த ஒன்றையும் சோதித்து, கிடைத்த முடிவை அப்படியே வெளியிடுவதுதான் அறிவியல்.

நம்மவர்களிடம் நான் அஞ்சுவது வேறொன்றை. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, நாட்டில் மார்பகப் புற்றுநோய்களுள் ஏறத்தாழப் பாதி மூன்றாம், நான்காம் கட்டங்களில்தான் கண்டறியப்பட்டன. எண்ணெயை மாற்றினோம், பத்தியம் இருந்தோம் என்று காத்திருக்கும் மாதங்களில் கட்டி காத்திருக்காது. பொரித்த உணவையும் சர்க்கரையையும் அளவோடு உண்பது இதயத்துக்கும் நல்லது; செய்வோம். சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவற்றை அம்மாவோ அத்தையோ சொன்னால், அந்த வாரமே அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் படித்த பிள்ளையின் சொல்லுக்கு மதிப்புண்டு. அதை இதற்குப் பயன்படுத்துவோம்.